ஆட்டுக்கிடை விலக்கில் ஆடிய தலை

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் பன்னிரண்டாம் நாள், திங்கட்கிழமை. மேற்கே மலையின்மேல் சாரல் மேகம் கறுத்துக் கிடந்தது. திருநெல்வேலியில் ஒரு துளியும் விழவில்லை, காற்று மட்டும் புழுதியை அள்ளிக்கொண்டு வீசியது. அன்று முற்பகல் பதினொரு மணிக்கு, தில்லைநாயகத்தின் காரிலிருந்து, அவர் காதில் விழாமற்போன பேச்சு மூன்று சாக்கு நிறைய எடுக்கப்பட்டது.

பதினோராண்டு ஓடிய வண்டிக்கு மூன்று சாக்கு என்பது அதிகமன்று. சாலை இரைச்சலில் அமுங்கிப்போகும் சொற்கள் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கி அடியில் படிந்துவிடும். இரைச்சலைத் தடுக்கும் தாளை ஒட்டுவதற்கு முன் அவற்றைத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் தாள் பிடிக்காது. பட்டறைக்காரர் சவரிமுத்து நான்கு கதவுகளின் உள்பலகையையும் கழற்றி, தரை விரிப்பைச் சுருட்டி வைத்து, பெயின்ட் பிரஷால் மூலை மூலையாகத் தட்டி எடுத்தார். சொற்கள் இலவம்பஞ்சு போல் இருந்தன. பெரும்பகுதி இடப்பக்க முன்கதவில் கிடந்தது. அது தில்லைநாயகத்தின் மனைவி செண்பகம் உட்காரும் பக்கம்.

கழற்றிய பொருளை வண்டிக்காரரிடமே ஒப்படைப்பது சவரிமுத்துவின் வழக்கம். பிளக் ஆனாலும் பெல்ட் ஆனாலும் பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். சாக்குகளையும் அவ்வாறே டிக்கியில் ஏற்றினார். பிறகு கதவை விரல்முட்டியால் தட்டிக் காட்டினார். முன்பு தகரம்போல் ஒலித்த கதவு இப்போது பூசணிக்காய்போல் ஒலித்தது.

"கேள்வியெல்லாம் தனியா ஒரு சாக்குல கட்டியிருக்கேன், அண்ணாச்சி. ஒவ்வொண்ணோடயும் நீங்க தலையாட்டினது ஒட்டிக்கிட்டே இருக்கு. நான் பிரிக்கல."

தில்லைநாயகம் அஞ்சல் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், விதிமுறைகளை அறிந்தவர். வண்டிக்குள் தலையாட்டி ஒப்புக்கொண்ட காரியத்தை, அது வெளியே எடுக்கப்பட்ட முப்பது நாளுக்குள் நிறைவேற்றியாக வேண்டும்.

பெரும்பாலானவை முன்பே நிறைவேறியிருந்தன. செண்பகம் அவர் தலையசைப்பை நம்பி, அவ்வப்போது ஆவன செய்திருந்தாள். வீட்டுக்கு வெளிர்பச்சை வண்ணம் பூசப்பட்டதும், மாடியில் ஓர் அறை எழும்பியதும், அவளுடைய ஒன்றுவிட்ட பெரியப்பா நான்கு மாதம் வந்து தங்கியதும் அவ்வாறு நிகழ்ந்தவையே. ஒவ்வொரு முறையும் தில்லைநாயகம் வீட்டுக்குள் நுழைந்து, புதிதாக இருந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றுவார். அவரே தேர்ந்தெடுத்து, அவருடையதென்று சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்தது அந்தக் கார் ஒன்றுதான்.

நிறைவேறாமல் இருந்தது ஒரே ஒரு கேள்வி. 2016இல் சங்கரன்கோவில் போகும் வழியில், கிளைச்சாலை பிரியும் ஆட்டுக்கிடை விலக்கில் கேட்டது. காதருகே வைத்ததும் செண்பகத்தின் குரல் தெளிவாகச் சொன்னது: "நீங்க ரிட்டையர் ஆனதும் இந்தக் காரைத் தம்பிக்கே கொடுத்துடுவோமா?" அதனோடு பதினான்கு தலையாட்டல்கள் ஒட்டியிருந்தன.

மறுநாள் காலையில் செண்பகத்தின் தம்பி உலகநாதன், கையில் எலுமிச்சம்பழமும் சாமந்தி மாலையுமாகச் சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கினான்.

"அத்தான், நீங்க தலையாட்டினது வந்துடுச்சாமே! ஒரு தடவை ஆட்டினாலே போதும். பதினாலு தடவை ஆட்டியிருக்கீங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

"அவங்க எப்பவும் அப்படித்தான்டா," என்றாள் செண்பகம். "நான் கேட்டு இதுவரைக்கும் ஒண்ணுக்கும் மாட்டேன்னு சொன்னதில்லை. நம்ம சொந்தத்துல வேற எவ புருஷன் இப்படி?"

தில்லைநாயகம் இட்லியைப் பிட்டபடியே யோசித்தார். தலையாட்டியது தானல்ல, சாலைதான் என்று மெய்ப்பிக்க அவரால் முடியும். அந்த விலக்கில் சிறிதும் பெரிதுமாகப் பதினான்கு பள்ளங்கள் உண்டு. மெய்ப்பித்தால் கார் தங்கும். ஆனால், பதினோராண்டுகளாக மனைவி வண்டிக்குள் பேசியதில் ஒன்றுகூடத் தம் காதில் விழவில்லை என்பதும் அதனோடு சேர்ந்து மெய்யாகிவிடும். இரண்டாவது இட்லி முடியும்வரை யோசித்துவிட்டு, "தலை என்னுடையது, ஆட்டியது நானல்ல," என்றார்.

"அத்தான் பட்டறையிலேயே இந்த வசனத்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காரு, அக்கா," என்றான் உலகநாதன்.

செண்பகம் தம்பியை அதட்டவில்லை. "போய்ப் பார்ப்போம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

சோதனைக்குச் சவரிமுத்துவையும் அழைத்துக்கொண்டார்கள். செண்பகம் முன்னால் தன்னுடைய வழக்கமான இடத்தில் அமர்ந்தாள். மற்ற இருவரும் பின்னிருக்கையில் அமர்ந்தார்கள். எலுமிச்சம்பழம் உலகநாதன் மடியில் இருந்தது. தாள் ஒட்டிய வண்டிக்குள் சாலையின் இரைச்சல் இல்லை. சவரிமுத்துவின் கைக்கடிகாரம் ஓடுவது கேட்டது. யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. தில்லைநாயகம் 2016இல் போன அதே வேகத்தில், நாற்பத்தெட்டு கிலோமீட்டரில், ஓட்டினார்.

ஆட்டுக்கிடை விலக்கு வந்தது. எவரும் எதையும் கேட்கவில்லை. தில்லைநாயகத்தின் தலை பதினான்கு முறை ஆடியது.

"ஆட்டினது ரோடுதான்," என்றார் சவரிமுத்து. "அண்ணாச்சி தலை சும்மா கூடப் போயிருக்கு."

உலகநாதன் மாலையை மடித்துப் பையில் வைத்தான். பிறகு செண்பகம் குரலை உயர்த்தாமல் பேசினாள். தில்லைநாயகத்துக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது.

"அப்போ இத்தனை வருஷமா நான் ரோட்டுகிட்டதான் பேசியிருக்கேன்."

அவர் அதற்கு விடை கூற வாயெடுத்தார். அவள் அவருடைய விடைக்குக் காத்திருக்கவில்லை, கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடியை இறக்கினா நான் ஒட்டினதுக்கு உத்தரவாதம் கிடையாது, அக்கா," என்றார் சவரிமுத்து.

செண்பகம் தலையை வெளியே நீட்டிக் குனிந்து, சாலையைப் பார்த்துக் கேட்டாள்: "நீ சொன்னா சொன்னதுதானே?"

சாலை ஒரு முறை இறங்கி ஏறியது. அதன்பின் இடப்பக்கம் திரும்பியது. தில்லைநாயகம் ஸ்டியரிங்கை நேராகவே பிடித்திருந்தார். சாலை திரும்பிவிட்டபடியால் வண்டியும் அதன்மேல் திரும்பிற்று. அது ஒரு பருத்திக்காட்டின் ஓரமாகப் போய், கிணறொன்றைச் சுற்றிக்கொண்டு, ஓர் உர மூட்டைக் கிடங்கின் பின்புறம் வழியாகச் சங்கரன்கோவிலுக்குள் நுழைந்து, உலகநாதன் வீட்டு வாசலில் நின்றது. அதற்கப்பால் சாலை இல்லை.

தில்லைநாயகம் எஞ்சினை நிறுத்தினார். சாவியை எடுத்து ஒரு முறை பார்த்தார்.

"ரோடு கொடுத்த வாக்கு, அத்தான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க," என்று உலகநாதன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தான். செண்பகம் மாலையைப் பையிலிருந்து எடுத்து உதறிக் கொடுத்தாள்.

அதன் பிறகு நடந்தவை இவை. மூன்று சாக்குகளும் டிக்கியிலேயே இருந்தமையால் உலகநாதனுக்கு வண்டியோடு சேர்ந்தன. அவன் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தான். தில்லைநாயகம் நாள்தோறும் காலை ஆறு முதல் ஏழு வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கிறார். இப்போது 2014 மார்ச்சுவரை வந்திருக்கிறார். அந்த மாதத்தில் செண்பகம் இரண்டு முறை அவர் வண்டி ஓட்டுவதைப் பாராட்டியிருக்கிறாள். சாலை அங்கேயே முடிவதால் சங்கரன்கோவில் பேருந்துகள் அனைத்தும் உலகநாதன் வாசலில் நின்று திரும்புகின்றன. நடத்துநர்கள் "உலகநாதன் வீடு இறங்குங்க" என்று குரல் கொடுக்கிறார்கள். பயண நேரம் பன்னிரண்டு நிமிடம் கூடியிருக்கிறது.

கார் இல்லாததால் செண்பகம் சாலையிடம் போக இயலவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்குச் சாலையே திருநெல்வேலிக்கு வந்துவிடுகிறது. தில்லைநாயகம் சைக்கிளை ஓரமாக நகர்த்தி, இரும்புக் கேட்டின் இரு கதவுகளையும் திறந்து வைக்கிறார். அது வராந்தாவரை வந்து படுத்துக்கொள்கிறது. செண்பகம் அதனிடம் பேசி முடிக்கும்வரை அவர் மாடி அறையில் இருக்கிறார்.