பீரோவின் கீழ்ப்பக்கம்

மாடியிலிருந்து பீரோ இறக்கும்போது மேலே நிற்பவன் பிடித்துக்கொள்கிறான். கீழே நிற்பவன்தான் சுமக்கிறான். வீடு மாற்றித்தரும் எங்கள் கம்பெனியில் நான் எப்போதும் கீழே. என் மனைவியின் தம்பி எப்போதும் மேலே, வாயால் வேலை செய்துகொண்டு. சின்னவன்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை.

"எலும்புக்கு ஒண்ணும் ஆகல, தசைப் பிடிப்புதான்," என்றார் டாக்டரம்மா. "படுத்தே கிடந்தா இன்னும் இறுகிடும். தினமும் நடங்க. சரியாகிற வரைக்கும் பாரம் மட்டும் தூக்காதீங்க."

முதலாளி பெரிய மனசு பண்ணி என்னை ஆபீசில் போன் எடுக்க உட்காரவைத்தார்.

காலையில் பூங்காவில் நடக்க மச்சானே துணைக்கு வந்தான். "அத்தான், நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவலை! கையை வீசி நடங்க, அக்காவுக்குக் காட்டணும்," என்று வீடியோவும் எடுத்தான். எனக்கு வாயெல்லாம் பல். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த வீடியோவை முதலாளிதான் எனக்குக் காட்டினார்.

"இடுப்பு வலிக்காரன் நடக்கிற நடையா இது? நாளைக்கு லோடுக்குப் போ. இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ."

நடப்பதுதான் வைத்தியம் என்று சொல்லிப் பார்த்தேன். நிஜமாக வலித்தால் படுத்தல்லவா கிடப்பாய் என்றார். வீடியோவுக்குள் மச்சான் இன்னும் என்னை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தான். நான் ஆபீசுக்குப் போனதும் கீழ்ப்பக்கம் அவன் தலையில் விழுந்திருந்தது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூடவே நடந்து குழி பறித்திருக்கிறான் பாவி.

மறுநாள் ஒரு மூன்றாம் மாடி வீடு. படி முனையில் பீரோ. மச்சான் அதற்குள் மேல்பக்கம் போய் நின்றிருந்தான்.

"கோவமா அத்தான்? மெதுவா இறக்கிடலாம். உங்க இடம் உங்களுக்குத்தான், பாருங்க."

இந்தப் பீரோவைத் தூக்கினால் என்ன ஆகும் என்று என் இடுப்புக்குத் தெரியும். தூக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பீரோவிலிருந்து கையை எடுத்தேன். படியிறங்கினேன்.

"அத்தான், எங்க போறீங்க?"

"நடக்கப் போறேன்டா. இதையும் வீடியோ எடு. அக்காவுக்குக் காட்டணும்ல?"