இன்னும் இரண்டு வரிசை

"கடைசித் தண்ணி குடுத்தியா?" வாசலிலிருந்தே அலறிக்கொண்டு வந்த நாத்தனார் சனோபர், முஹையோவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எங்கம்மா வாய் நனைஞ்சுதான் போனாங்களா?"

"குடுத்தேன் அக்கா." பொய் தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது.

சனோபர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பெத்த மக நான் ஆந்திஜான்ல கெடந்தேன். நீ இருந்து செஞ்சியே, நல்லா இருப்பே." முஹையோவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நேற்று டாக்டர் கைவிரித்துவிட்டுப் போனதும் அவள் மனம் ஓடிய இடம் குளியலறைதான். சாவு என்றால் மர்கிலானில் தெருவே திரண்டு வரும். வருகிற பெண்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவ அங்கேதான் போவார்கள். டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துக் கிடந்தது. மருமகளின் லட்சணத்தை இந்த ஊர் வேறெங்கே போய்ப் பார்க்கும்? சனோபரோ இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டிப் பார்க்கிற ரகம். மாமியார் சோலிஹா உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, சாவுக்கு வரப்போகிறவர்களுக்காகத் தரையைத் தேய்க்க உட்கார்ந்தாள், புண்ணியவதி!

இன்று காலையில் கணவன் வலி மருந்து வாங்கப் போயிருந்தான். ப்ளீச்சிங் பவுடரைக் குழைத்து இடுக்குகளில் பூசி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து குரல் வந்தது.

"முஹையோ... தண்ணி..."

"இதோ வர்றேம்மா, ரெண்டே வரிசைதான்!"

பூசியது காய்ந்தால் திட்டு விழும். இரண்டு வரிசையையும் முடித்தாள். அலசிவிட்டாள். வெண்மையைப் பார்த்து ஒரு கணம் சந்தோஷப்படக்கூடச் செய்தாள். கிண்ணத்தில் தண்ணீரோடு போனபோது கிழவியின் கண்கள் கதவைப் பார்த்தபடி நின்றுபோயிருந்தன.

இப்போது உள்ளறையில் திரை கட்டிப் பலகை போட்டாகிவிட்டது. உடலைக் குளிப்பாட்ட வந்த ரஹ்பர் பெரியம்மா சோலிஹாவின் முகத்தைத் துடைக்க, முஹையோ செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பெரியம்மாவின் விரல் உதட்டில் நின்றது. உதடு வெடித்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

"கடைசித் தண்ணி யாரும்மா குடுத்தது?"

"எங்க முஹையோதான்," என்றாள் திரைக்கு வெளியே இருந்த சனோபர், பெருமையோடு.

ரஹ்பர் பெரியம்மா நிமிர்ந்து முஹையோவைப் பார்த்தாள். ப்ளீச்சிங் வாடை போகாத அவள் கைகளையும் பார்த்தாள். பஞ்சை நனைத்து அந்த உதடுகளைத் துடைத்தாள். மறுபடி நனைத்தாள். மறுபடி துடைத்தாள்.

ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் குளியலறைக்குப் போய் வந்தார்கள்.

"அடேயப்பா, இடுக்குல கூட ஒரு பொட்டு அழுக்கில்ல!"

"நோயாளிய வச்சுக்கிட்டு இப்படியா? சோலிஹா குடுத்து வச்சவ. மருமகள்னா இவதான் மருமக."

முஹையோ தலை நிமிரவில்லை. அடக்கம் என்று அதையும் மெச்சினார்கள்.

ரஹ்பர் பெரியம்மா உள்ளறையிலிருந்து கடைசியாக வெளியே வந்தாள். முஹையோ துண்டோடு ஓடினாள். "பெரியம்மா, குளியலறையில சுடுதண்ணி வச்சிருக்கேன். உள்ள வாங்க."

"வேணாம்மா."

மூட்டுவலியோடு படியிறங்கி, முற்றத்துக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, அந்தப் பனிக்காலத் தண்ணீரில் பெரியம்மா கை கழுவினாள்.