ஆர்ச்டீக்கன் கேட்ட பெயர்

ஆர்ச்டீக்கன் ரானுல்ஃப் கெய்ன்ஸ்ஃபர்ட் பங்குக் கோவில் விசாரணைக்கு வருகிறார் என்று கேட்டதுமே ஏமிஸ் பயந்துபோனாள். அவள் வெதர்கோட் கிராமத்தில் பீர் காய்ச்சி விற்கும் விதவை. வருகிறவர் ஆயருக்கு அடுத்த பதவியில் இருப்பவர். குருக்களின் தப்பையும் குடிமக்களின் பாவத்தையும் தட்டிக் கேட்க வேண்டியவர். அவரோடு வேட்டை நாய்களும் வந்து இறங்கின. அவருடைய ஆட்கள் ஊர்க்கோழிகளைத் தின்று தீர்த்தார்கள். ஏமிஸின் பீப்பாயைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, பீர் புளிக்கிறது என்று வாயைக் கோணினார்கள்.

மறுநாள் கோவிலுக்குள் விசாரணை. முதலில் ஏமிஸைத்தான் கூப்பிட்டார்கள். பூசை நேரத்தில் பீர் விற்றாளாம். அவள் மறுக்கவில்லை. மழை வந்தால் பீடத்தின் மேலேயே கொட்டுகிறது, பங்குச்சாமி பூசையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார், நடுங்குகிற ஜனங்கள் தன் வீட்டு அடுப்பண்டை வந்து உட்காருகிறார்கள் என்றாள்.

ஆர்ச்டீக்கன் அண்ணாந்து பார்த்தார். உளுத்த உத்தரங்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. அதுவரை மூக்கில் வாசனைத் துணியை வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தவருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"பீடத்துக் கூரை யார் பொறுப்பு?"

"ஜனங்க நிக்கிற பக்கம் ஊரோட பொறுப்பு. பீடத்துப் பக்கம், விளைச்சல்ல பத்துல ஒண்ணைத் தசமபாகமா வாங்குறவர் பொறுப்பு, சாமி" என்றார் பங்குச்சாமி பியர்ஸ், தரையைப் பார்த்தபடி.

"வாங்கித் தின்னுட்டு எட்டிக்கூடப் பாக்காம இருக்கானா? கடவுள் வீட்டுத் திருடன் அவன்! பேரைச் சொல்லும், எழுத்தர் எழுதட்டும்."

பியர்ஸ் அங்கியின் நுனியைத் திருகினார். வாய் திறக்கவில்லை. ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கதான் சாமி" என்றாள் ஏமிஸ். "உங்க ஆளுதான் வருஷா வருஷம் எங்க கோதுமைய வண்டியில ஏத்திக்கிட்டுப் போறான்."

ஆர்ச்டீக்கன் எழுத்தரைப் பார்த்தார். இந்தப் பங்கின் தசமபாகமும் அவருக்குத்தான் போகிறது என்று எழுத்தர் தலை நிமிராமலே சொன்னார்.

வெட்கத்தில் ஆர்ச்டீக்கன் முகம் சிவக்கும் என்று ஏமிஸ் காத்திருந்தாள். சிவக்கவில்லை. சாணியை மிதித்தவர்போல் ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். திருடன் என்று எழுதியதை அடித்துவிடச் சொன்னார். வாய்த்துடுக்குக்காக அவள் வெறுங்காலோடு, உள்ளாடை மட்டும் உடுத்தி, மெழுகுவர்த்தி ஏந்தி ஞாயிற்றுக்கிழமை கோவிலைச் சுற்றிவர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மான்கறி விருந்துக்குக் கிளம்பிப் போனார். அந்தக் கணத்தில் அவள் மனதிலிருந்த கடைசிப் பயமும் போய்விட்டது. இவ்வளவு அற்பமான ஆளுக்கா இத்தனை நாள் நடுங்கினோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் பியர்ஸ் அவள் வாசலில் வந்து நின்றார். "நான் பேசியிருக்கணும் ஏமிஸ்."

"நீங்க என்னத்தப் பேசுவீங்க சாமி. உங்களுக்குச் சோறு போடுறதே அந்த ஆளுதானே."

ஞாயிற்றுக்கிழமை அவள் தலை குனியாமல் கோவிலைச் சுற்றினாள். கேலி செய்ய வந்திருந்த இளவட்டங்கள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள்.

அதற்கப்புறம் ஊரார் கூடிப் பேசி, ஒரு மேசையைத் தங்கள் பக்கத்துக் கூரைக்குக் கீழே போட்டார்கள். பியர்ஸ் அதிலேயே பூசை வைத்தார். பீடத்துப் பக்கம் இடிந்து விழுந்தபோது யாரும் ஒரு கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. திருச்சபைப் பெரியவர்களுக்காக ஜெபிக்கும்போது ஆர்ச்டீக்கன் பெயர் வந்தால் மட்டும் யாரும் ஆமென் சொல்வதில்லை. பியர்ஸும் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.