ஊது அத்தர் பட்ட கை

தேயிலையைப் போல ஒரு திருடியை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் ஸ்டோரில் தூள் சலிக்கிற அறைக்குப் போகும் பெண்களுக்குப் பூ கிடையாது, சந்தனம் கிடையாது, வாசனை சோப்பு கிடையாது, வெற்றிலையும் கிடையாது. ஸ்டோர் என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கொழுந்தை அரைத்துக் காயவைத்துத் தூளாக்கும் கட்டிடத்தை அப்படித்தான் சொல்லுவோம். அங்கே பலகையில் பரப்பிய தூளுக்குள் கையை விட்டுக் காம்பு பொறுக்குவது என் வேலை.

என் பெயர் ராக்காயி. வாய் நீளம் என்று எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் சொல்லுவார்கள். சொல்லட்டும், என் வாயால் யார் வீட்டுச் சோறும் குறையவில்லை. என் புருஷன் சோலைமலை தோட்டத்துக்கு விறகு மரம் அறுத்தவர். நாற்பத்தொன்பதாம் வருஷம் அவர் அறுத்த மரமே அவர் மேல் சாய்ந்துவிட்டது. மகள் மீனம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. அடுத்த வருஷம் நான் கொழுந்துக் கூடையோடு மலையில் உருண்டு முழங்கால் சிப்பியை உடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என்னால் சரிவில் நிற்க முடியாது. ஸ்டோர் பொறுப்பில் இருந்த டீமேக்கர் பொன்னையா ஐயாதான் மனம் இரங்கி, உட்கார்ந்து செய்கிற இந்த வேலையைத் தந்தார். இது போனால் எனக்கு வேறு வேலை இல்லை. வேலை இல்லாதவள் பெயரைச் செக்ரோல் பேரேட்டில் இருந்து வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் லயத்தில் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் போகும். மீனம்மாவை இழுத்துக்கொண்டு நான் எந்தத் தெருவில் போய் நிற்பது?

இதெல்லாம் தெரிந்தும்தான் அந்த அறிவுகெட்ட வேலையைச் செய்தேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. டிக்கோயா பஸாரில் புடவைக் கடை வைத்திருந்த மஃறூப் முதலாளியின் சம்சாரம் ஹவ்வா உம்மாவுக்குக் கோழி முட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் முதலாளியும் ஹஜ்ஜுக்குக் கப்பலில் போய்த் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. என்னைக் கண்டதும் அலுமாரியைத் திறந்து சுண்டுவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தார்.

"வந்த சனத்துக்கெல்லாம் பூசிப் பூசி முடிஞ்சி போச்சு ராக்காயி. இது கடேசிச் சொட்டு, ஒனக்குத்தான். கையக் காட்டு புள்ள."

"வேணாம்மா. நான் ஸ்டோர்ல வேல செய்றவ."

"இன்னைக்கு ஞாயிறுதானே? காட்டு."

குப்பியைக் கவிழ்த்து என் மணிக்கட்டில் தட்டினார். கஷாயம் போலக் கறுப்பாக ஒரே ஒரு சொட்டு விழுந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். அடியாத்தி! மாட்டுக் கொட்டில்!

"என்னம்மா இது, மக்காவுக்குப் போயி மாட்டுச் சாணியா வாங்கிட்டு வந்தீங்க?"

ஹவ்வா உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொறு புள்ள. இது ஊது அத்தர். அகில் மரத்துல காயம் பட்டு, அந்தக் காயத்துல ஊறுற எண்ண. பூ மாதிரி ஒடனே மணக்காது." பிறகு என் கையைப் பிடித்துத் தானும் முகர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு இத மோந்தாக் கஃபத்துல்லாதான் தெரியுது. அம்புட்டு சனம், அம்புட்டு பேரு அழுகை. நான் எங்க நிக்கிறேன்னே தெரியாம நின்டேன்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு ஏளனம் செய்ய மனம் வரவில்லை. ஆனாலும் என் மூக்குக்குச் சாணிதான் தெரிந்தது.

நொண்டி நொண்டி மேட்டில் ஏறினேன். பாதி வழியில் சாணி காணாமல் போய்ப் புதுத் தோல் வாசம் வந்தது. மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் காம்பரா வீரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி ராக்காயி, காமன் கூத்துக்குத் தப்பு மேளம் காய்ச்சுற மாதிரி வாசம் வருது?"

கையை நீட்டினேன். அவள் முகர்ந்துவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். குடம் நிறைந்து வழிந்தது. "எங்க அண்ணன் நெருப்புல தப்பக் காட்டிட்டு ஒரு தட்டு தட்டும் பாரு, அதேதான்டி" என்றாள். அந்த அண்ணன் ஊருக்குக் கப்பல் ஏறிப் போய் எட்டு வருஷம். வீரம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் எனக்கு ஒன்று சொல்கிறது, உம்மாவுக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. எனக்குப் புல்லரித்தது.

அன்று பொழுது சாய்கிற நேரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தட்டினேன். சூடு பட்டு மணிக்கட்டு காய்ந்தது. அப்போதுதான் அவர் வந்தார்.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அறுத்த பச்சை மரம், இடுப்பில் வேர்வை ஊறிய தோல் பெல்ட், கொஞ்சம் புகை. காட்டிலிருந்து வந்து வாசலில் குனிந்து நுழையும்போது சோலைமலைக்கு இருந்த வாசம், முழுசாக, ஒன்று குறையாமல். அவர் செத்த பிறகு அவருடைய சட்டையை ஒரு வருஷம் துவைக்காமல் வைத்திருந்தேன். அப்படியும் அது மெல்ல மெல்லப் போய்விட்டது. ஆறு வருஷம் கழித்து, என் கையிலேயே திரும்பி வந்து நின்றது. தட்டிய ரொட்டி கல்லில் கருகியது, எனக்குத் தெரியவில்லை.

"மீனம்மா, இங்க வாடி. மோந்து பாரு."

"என்னம்மா இது?"

"ஒங்க அப்பா."

அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். "அப்பா இப்படியா இருந்தாங்க?" என்றாள். ஒரு படம்கூட இல்லாத தகப்பன். அந்தப் பிள்ளைக்கு நான் அதுவரை கொடுத்ததெல்லாம் வெறும் பேச்சுதான். கையை விடமாட்டேன் என்றாள். என் மணிக்கட்டில் மூக்கை வைத்தபடியே தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கழுவியிருக்க வேண்டும். சாம்பல் இருந்தது, புளி இருந்தது, பீலியில் தண்ணீர் இருந்தது. மனம்தான் இல்லை. பழைய துணி ஒன்றைக் கிழித்து மணிக்கட்டைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டேன். கேட்டவர்களிடம் சுடுதண்ணீர் பட்டுவிட்டது என்று சொன்னேன். துணி வாசத்தை அடைத்துவிடும் என்று எண்ணினேனே, எட்டு மணிநேரம் அந்தக் கையைத் தூளுக்குள் வைத்திருக்கப்போகிறவள்! ஐந்து வருஷம் தேயிலையோடு பழகிய எனக்கே அது புத்தியில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் நாள் தூளை டீமேக்கர் ருசி பார்க்கிற நேரம். வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிக்கொண்டே போன பொன்னையா ஐயா நாலாவது கோப்பையில் நின்றார். திரும்பவும் உறிஞ்சினார். முகம் வெளுத்துவிட்டது.

"எஞ்சின நிறுத்து! பெல்ட்டு கருகுது!" என்று கத்தினார்.

கொழுந்து அரைக்கிற ரோலர் எல்லாவற்றையும் சுற்றவைப்பது தோல் பெல்ட்டுதான். எஞ்சின் நின்றது. ஸ்டோர் முழுக்க அப்படியோர் அமைதியைப் பகல் நேரத்தில் நான் கேட்டதில்லை. ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு பெல்ட்டாகத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் கருகவில்லை. அதற்குள் தேயிலை காயவைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளும் பழனியாண்டியும் அந்தக் கோப்பையில் ஒரு வாய் குடித்தார்.

"பெல்ட்டு இல்லீங்க ஐயா. இது மரம். என் வெறகுலதான் என்னமோ கலந்திருக்கு. நான் கவனிக்கல போல."

பாருங்கள், அந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அந்த வாசம் அவரிடமும் அவருடைய பொருளின் பெயரைத்தான் சொன்னது. அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

ஒன்பது மணிக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார். ஒரு பெட்டித் தூள் கெட்டுப்போனது என்று கேட்டதும் கழுத்தெல்லாம் சிவந்தது. "யார் நெருப்பு பாத்தது?" என்றார். பழனியாண்டி முன்னால் வந்து தலையைக் குனிந்தார். "நாளைக்கி இவன் வேல இல்ல" என்றார் துரை.

நான் எழுந்தேன். துணியை அவிழ்த்துக் கையை நீட்டினேன்.

"அந்த ஆளு செய்யலீங்க தொர. நான்தாங்க. இந்தக் கைதாங்க."

"அடிப் பாவி!" என்று பொன்னையா ஐயா தலையில் கை வைத்தார். துரை கிட்டே வந்து குனிந்தார். அவர் மூக்கு லேசுப்பட்ட மூக்கு இல்லை. எந்த மலைக் கொழுந்து, எந்த நாள் மழை என்று சொல்லிவிடும் என்பார்கள். ஒருமுறை இழுத்தார். நிமிரவில்லை. திரும்பவும் இழுத்தார். சிவப்பெல்லாம் வடிந்து அவர் முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது.

"இது என் அப்பா குதிர" என்றார் மெதுவாக. "குதிர மேல போடற தோல். மழையில வந்து, அப்பா என்னத் தூக்கி..." மீதியை எங்களுக்குப் புரியாத இங்கிலீசில் தனக்கே சொல்லிக்கொண்டார்.

அறுபது பேர் நின்றோம். துரைக்கும் ஓர் அப்பா இருந்தார் என்று அதுவரை நாங்கள் யோசித்ததே கிடையாது.

"நீ இத கழுவிச்சா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கழுவிப் பார்த்தேன், போகவில்லை என்றால் ஒரு திட்டோடு விட்டிருப்பார். பொன்னையா ஐயாவும் ஆமென்று சொல் என்பது போலக் கண்ணைக் காட்டினார்.

"இல்லீங்க" என்றேன். "கழுவ மனசு வரல. இது செத்துப்போன என் புருசன் வாசங்க. எம்புள்ள இப்பத்தான் அதோட அப்பாவத் தெரிஞ்சுக்கிட்டிருக்கு."

துரை நிமிர்ந்தார். பிறகு பழைய முகம் வந்துவிட்டது. "புருசன் புருசன்தான். டீ டீதான்" என்றார். பழனியாண்டியைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். அந்தத் துணியைக் கொண்டுபோய் எரிக்கச் சொன்னார். நான் தினமும் காலையில் ஸ்டோர் வாசலுக்கு வந்து கையைக் காட்ட வேண்டும், பொன்னையா முகர்ந்து பார்க்க வேண்டும், வாசம் போனால் உள்ளே, சனிக்கிழமைக்குள் போகாவிட்டால் மலைக்கு. அவ்வளவுதான் தீர்ப்பு. மலைக்கு என்றால் எனக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

துணியைப் பழனியாண்டிதான் ஸ்டோருக்குப் பின்னால் சாம்பல் குழியில் போட்டுக் கொளுத்தினார். புகை எழுந்ததும் அங்கிருந்தவர்கள் நடையை நிறுத்திவிட்டார்கள். கோயில் என்றாள் ஒருத்தி. புதுச் செருப்பு என்றான் ஒருவன். பழனியாண்டி கையெடுத்துக் கும்பிட்டார், எதை என்று அவருக்கே தெரியாது.

புதன்கிழமை போனேன். பொன்னையா ஐயா முகர்ந்துவிட்டுத் தலையாட்டினார். வியாழக்கிழமையும் அப்படியே. தானாகப் போய்விடும், நானாகக் கழுவ வேண்டியிருக்காது என்று இருந்தேன். ஒவ்வொரு நாள் சாயந்திரமும் மீனம்மா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அப்பா எப்படிச் சிரிப்பார், எந்தக் கையால் கோடாலி பிடிப்பார் என்றெல்லாம் கேட்பாள். மூக்கு என் மணிக்கட்டில் இருக்கும். அந்த நாலு நாளும் எங்கள் காம்பராவில் மூன்று பேர் இருந்தோம். கையில் கூலி இல்லை, ஆனாலும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை பொன்னையா ஐயா முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கும் இருந்தா என்னால ஒன்னும் செய்ய ஏலாது ராக்காயி. நான் பொய் சொன்னா அடுத்த பெட்டித் தூளு சொல்லிரும்" என்றார்.

ஹவ்வா உம்மாவின் குப்பியில் இனிச் சொட்டு இல்லை. அந்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்க நான் ஏழு பிறப்பு காம்பு பொறுக்க வேண்டும்.

அன்று சாயந்திரம் பீலிக்கரைக்குப் போனேன். சாம்பலும் புளியும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டேன். மீனம்மா பின்னாலேயே வந்தாள். நான் தேய்க்கத் தொடங்கியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கழுவாதம்மா! அப்பாவக் கழுவாத!"

"வுடுடி."

"மலைக்கே போவோம்மா. நான் கொழுந்து எடுக்குறேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வெறி வந்துவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை மலைக்குப் போகவா நான் இத்தனை வருஷம் அந்தப் பலகைக்கு முன்னால் குனிந்து கிடந்தேன்? அவளை ஒரு கையால் தள்ளிவிட்டு மறு கையைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன். தோல் உரிகிற வரைக்கும் தேய்த்தேன். புளித் தண்ணீர் பட்டுக் காந்தியது. "போ, போ சாமி, போயிரு" என்று அவரிடம்தான் சொன்னேன். மீனம்மா அன்று என் பக்கத்தில் படுக்கவில்லை.

சனிக்கிழமை வாசலில் நின்றேன். பொன்னையா ஐயா என் புண்ணான மணிக்கட்டைப் பார்த்தார். குனிந்து மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். உள்ளே வேலை செய்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஒன்னுமே இல்ல" என்றார். "உள்ள போ."

மலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்த வீரம்மா சத்தமாகச் சிரித்தாள். பழனியாண்டி அடுப்புப் பக்கமிருந்து தலையை நீட்டிக் கும்பிட்டார். வேலை தப்பியது, காம்பரா தப்பியது, என் மகளுடைய பள்ளிக்கூடமும் தப்பியது. எந்தச் சாமியிடமெல்லாம் கேட்டேனோ, எல்லாம் கொடுத்துவிட்டது. நான் கையைத் தூக்கி நானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். பொன்னையா ஐயா சொன்னது உண்மைதான்.

வாசற்படியில் கால் எடுத்து வைக்க முடியவில்லை.

"என்ன, முழங்கால் வலிக்குதா?" என்று பொன்னையா ஐயா கேட்டார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்து தூளுக்குள் கையை விட்டேன்.