முப்பத்தெட்டு வெள்ளை உடுப்பு

"எல்லாரும் நர்ஸ் உடுப்புலதான் வரணும். ஊர்லேர்ந்து பெட்டியில கொண்டுவந்தீங்களே, அதே வெள்ளை உடுப்பு" என்றான் ஆர்செனியோ.

"அது இப்ப எனக்கு ஒரு தொடைக்குத்தான்டா காணும்."

"முதுகுல ஊக்கு குத்திக்கங்க அக்கா. சட்டசபைப் பார்வையாளர் மாடத்துல உக்காந்தா முன்பக்கம்தானே தெரியும்."

கணக்கு என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். கனடா வந்த நாளாக, எங்கள் பிலிப்பினோ ஜனத்துக்கெல்லாம் வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன். கையெழுத்துக்கு நீட்டும் தாள்களில் கடைசித் தாள் கட்சி உறுப்பினர் படிவமாக இருக்கும்.

"இது என்னத்துக்குடா?"

"போட்டு வைங்க அக்கா. ஒரு நாள் உதவும்."

இப்படியே தொகுதிக் கிளையில் முக்கால்வாசி நாங்கள்தான் என்றாகிவிட்டது. அடுத்தவன் பெயர் போட்ட தேர்தல் பலகைகளைப் பனியில் நட்டு நட்டு, ஐம்பத்திரண்டாம் வயதில் அவனும் மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தான். எங்களுக்கு அவன் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று. மணிலாவில் நர்ஸாக இருந்தவர்கள் இங்கே முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்கு அரைத்துணி மாற்றுகிறோம். எங்கள் படிப்பு செல்லாது. அவன் மனைவி பெர்லிட்டா மாற்ற ஆரம்பித்துப் பதினோரு வருஷம். விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் எங்களுக்கு நர்ஸ் உரிமத் தேர்வு வைத்தாக வேண்டும் என்று அவனே ஒரு மசோதா எழுதினான். முதல்வர் சரி சொல்லிவிட்டார் என்றான். ஓட்டெடுப்பு நாளில் முப்பத்தெட்டு பேர் போய் மாடத்தில் உட்கார்ந்தோம்.

"சபாநாயகர் அவர்களே, என் மனைவி பெர்லிட்டாவும் முப்பத்தேழு செவிலியர்களும் வந்திருக்கிறார்கள்" என்று எழுந்து சொன்னான். சபை முழுக்க மேசையைத் தட்டியது. நாங்கள் எழுந்து நின்று கையசைத்தோம்.

"பாருங்கக்கா, முதல்வரே தட்டுறார்" என்றாள் பெர்லிட்டா.

அப்போது கட்சிக் கொறடா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளில் கை போட்டார். என்ன பேசினார்கள் என்பதைப் பின்னால் அவன் வாயாலேயே பெர்லிட்டா வாங்கினாள்.

"உள்ளூர் நர்ஸுங்க கொதிக்கிறாங்க. எதிர்த்துப் போடு. மே மாசம் மந்திரிசபை மாறுது."

"என் பொண்டாட்டி மேல மாடத்துல உக்காந்திருக்கா சார்."

"அதனாலதான் சொல்றேன். மந்திரி பொண்டாட்டியா இறங்கி வரட்டுமே."

ஆதரிப்பவர்களை எழச் சொன்னார் சபாநாயகர். எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்தார்கள்.

"என்னடி, இவன் உக்காந்திருக்கான்?"

"கால் மரத்துப்போச்சோ என்னமோ" என்றாள் பெர்லிட்டா.

எதிர்ப்பவர்களை எழச் சொன்னார். ஆர்செனியோ கோட்டுப் பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டு எழுந்தான்.

மாடத்தில் சத்தம் போடக் கூடாது என்பது விதி. மசோதா தோற்றது; வரிசையாக எழுந்து கீழே இறங்கினோம்.

கீழே கூடத்துக்கு ஓடி வந்தான். "அக்கா, அடுத்த கூட்டத்தொடர்ல கண்டிப்பா..."

"பசிக்குதாடா? பான்சிட் நூடுல்ஸ் கொண்டுவந்திருக்கோம்."

சாப்பிட்டான். பெர்லிட்டா இரண்டாம் தரமும் வைத்தாள். எங்கள் ஜனம் கோபத்தை முகத்தில் காட்டாது. அது அவனுக்குத் தெரியாததா? தெரிந்தும், "என் ஆளுங்க புரிஞ்சுக்கிட்டாங்க" என்று கொறடாவிடம் சொன்னானாம்.

மே மாதம் மந்திரிசபை மாறியது. அவன் நாற்காலி மாறவில்லை.

மறு வருஷம் தொகுதிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி உறுப்பினர் கூட்டம் போட்டார்கள். எதிரே நின்றவன் டிராக்டர் விற்கும் ட்ரெவர். எங்களில் ஒருத்தி பெயர்கூட அவன் வாயில் நுழையாது. எங்கள் மசோதாவை அவன் கேள்விப்பட்டதும் இல்லை. கேட்டாலும் அவனும் கட்சி சொன்னபடிதான் எழுவான். அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

ஆர்செனியோ வீடு வீடாகப் போன் போட்டான். "பத்து மணிக்கு முன்னால வந்துடுங்க அக்கா. உறுப்பினர் அட்டையை மறந்துடாதீங்க."

"வராம இருப்போமாடா?"

போனோம். எங்கள் ஜனம் மொத்தமும் வந்திருந்தது, நாங்கள் முப்பத்தெட்டு பேரும் அதே வெள்ளை உடுப்பில். வாசலிலேயே அவன் கண் கலங்கிவிட்டது.

"உடுப்பெல்லாம் போட்டுட்டு வந்திருக்கீங்களே அக்கா!"

"உனக்காகத்தான்டா" என்று கன்னத்தைத் தட்டினேன்.

ட்ரெவருக்கு இருநூற்று ஆறு ஓட்டு. ஆர்செனியோவுக்கு ஒன்று.

கணக்கன் அல்லவா, மறுபடி எண்ணச் சொன்னான். மறுபடியும் ஒன்று. ட்ரெவருக்கே சங்கடமாகப் போய், குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்டபத்தில் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஆர்செனியோ எல்லாரையும் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

"பரவாயில்ல. என் பெர்லிட்டா ஒருத்தியாவது எனக்கு இருக்காளே!"

பெர்லிட்டா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். குரலை உயர்த்தாமல், கடைசி வரிசைவரை கேட்கும்படி கேட்டாள்:

"ஏன் செனி, உனக்கு நீயே போட்டுக்கலையா?"

முதலில் சிரித்தது நான்தான்.