பதிலுக்கு விட்ட இடைவெளி

கண்வழி, காதுவழி, கைவழி என்று எங்களிடம் மூன்று பாதைகள் இருந்தன. கினிக்கோழி வளர்ப்பதைப் போனிலேயே சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. சேருகிறவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்போம். உங்களுக்கு எப்படிச் சொன்னால் ஏறும்? படம் பார்த்தாலா, காதால் கேட்டாலா, செய்து பார்த்தாலா? அவர் சொல்கிற பதிலை வைத்து ஒரு பாதையில் ஏற்றிவிடுவோம். அதற்குப் பிறகு மற்ற இரண்டும் அவர் கண்ணில் படாது.

இந்த ஏற்பாடு எசினாமுடையது. எந்தப் பாடம் எதற்குப் பின்னால் வரவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும், எங்கே கேள்வி கேட்கவேண்டும் என்று வகுப்பதுதான் அவள் வேலை. அவள் வகுத்ததை என் மொழியான டக்பானியில் பேசிப் பதிவு செய்வது என் வேலை.

நான் வடக்கே யெண்டி பக்கத்துக்காரன். தலைநகர் அக்ராவில், டெஷி பகுதியில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கடல் சத்தம் கேட்கும். காலையில் குழாயடியில் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டுவார்கள், நானும் ஆட்டுவேன், அவ்வளவுதான். அக்ராவிலேயே எங்கள் ஆட்கள் இருக்கும் மாடினாவுக்கு ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் களி, டூசாஃபி போடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரவர் பிள்ளைகள் அவரவர் மடியில் வந்து உட்கார்ந்துவிடும். என் மடி காலியாக இருக்கும். பிறகு போவதை விட்டுவிட்டேன்.

ஆகவே என் மொழியை நான் பேசுவதெல்லாம் பதிவு அறையில்தான். சுவரெல்லாம் தடித்த துணி ஒட்டியிருக்கும். "தசிபா" என்று காலை வணக்கம் சொல்வேன். எங்களிடம் வணக்கத்துக்குப் பதில் "நா". யாரோ ஒருவர் அதைச் சொல்லி முடிப்பதற்குக் கொஞ்சம் இடைவெளி விடுவேன். பிறகு "நல்லா தூங்கினீங்களா?" என்பேன். மறுபடி இடைவெளி. அதன்பிறகு 'அடுத்து' என்ற பொத்தானைத் தொட்டால்தான் கோழிப் பேச்சு.

சத்தம் பதிகிற ஒகாய்க்கு இதைக் கண்டால் சிரிப்பு.

"உங்க ஊர்ல வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்க ஊர்ல கல்யாணமே முடிஞ்சிரும்."

"அதான் உங்க ஊர்ல கல்யாணம் நிக்க மாட்டேங்குது" என்றேன்.

மழை தொடங்குகிற சமயத்தில் ஒரு திங்கட்கிழமை எசினாம் என்னைக் கூப்பிட்டாள். திரையில் பெயர்கள் சிவப்பில் இருந்தன.

"அண்ணே, உங்க வடக்கத்தி ஆளுங்க எல்லாருமே காதுவழிய எடுத்திருக்காங்க. கிட்டத்தட்ட ஒருத்தர் பாக்கியில்ல. அதுவரைக்கும் எனக்கு சந்தோஷம்தான். ஆனா முதல் பாடத்தோட முதல் நிமிஷத்துலயே நின்னுட்டாங்க. கேக்குறாங்க, நிக்குறாங்க. மறுநாள் திரும்பவும் அதையேதான் கேக்குறாங்க. 'அடுத்து' பொத்தானத் தொடவே இல்ல."

"புரியலையோ என்னவோ."

"வணக்கம் புரியாம இருக்குமா? இந்தம்மாவப் பாருங்க. சனாத்து. சப்சுகு பக்கம். தினமும் காலைல வராங்க. குரல் பதிஞ்சு அனுப்புறாங்க. அதோட சரி. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டாவது பாடத்துக்கு வரலைன்னா பேர எடுத்துடணும். அந்த இடத்துக்கு ஆள் காத்திருக்கு."

"என்ன பதிஞ்சு அனுப்புறாங்க?"

"எனக்கு உங்க மொழி தெரியுமா என்ன? நான் ஹோ ஊர்க்காரி, எங்க மொழி வேற. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

அனுப்பிய குரல்களெல்லாம் ஒரு இடத்தில் சேர்ந்து கிடந்தன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சனாத்துவுடையதைத் திறந்தேன்.

முதலில் கினிக்கோழிகளின் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், கொஞ்சம் கரகரப்பாக.

"நா. நல்லா தூங்கினேன். நீங்க நல்லா தூங்கினீங்களா?"

பிறகு ஒரு இடைவெளி. கோழிகள் மட்டும் கத்தின.

"வீட்ல எல்லாரும் எப்படி?"

மறுபடியும் கோழிகள்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

மூன்றாவது இடைவெளியில் நான் வாய்விட்டு "நா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த நாளுடையதைத் திறந்தேன். அதே கேள்விகள், அதே காத்திருப்பு. கடைசியில் மட்டும் அவள் யாரிடமோ முணுமுணுத்தது கேட்டது. "இன்னும் ஒண்ணும் சொல்லல. நல்ல மனுஷன் மாதிரிதான் குரல் இருக்கு. ஏன்தான் வாயத் தொறக்கல?" இன்னொன்றில், "மழை வந்திருச்சு. நனைஞ்ச குஞ்செல்லாம் சாகுது. அவர்கிட்ட கேக்கலாம்னு பாத்தா அவருக்கே வீட்ல என்ன கஷ்டமோ."

நனைகிற குஞ்சுகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் எங்கள் மூன்றாவது பாடம்.

காதிலிருந்து கழற்றி வைத்தேன்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் எசினாம்.

"நலம் விசாரிக்கிறாங்க."

"யாரை?"

"என்னைத்தான்."

அவளுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொன்னதோடு முடியாது, பதில் சொன்னவர் திருப்பிக் கேட்பார், அதற்கு இவர் பதில் சொல்லவேண்டும், சொல்லாமல் வேலைப் பேச்சுக்குப் போனால் முகத்தில் அடித்த மாதிரி என்று விளக்கினேன். அவள் பதில் சொல்ல நான் இடம் விட்டிருந்தேன். அவள் கேட்க விடவில்லை. அந்த ஊரில் பிறந்தவனுக்கே அது தோன்றவில்லை. இங்கே என்னை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, அதனால் இருக்கலாம்.

"அப்போ வணக்கத்தையே எடுத்துடுவோம்" என்றாள் எசினாம். "நேரா பாடம். சிக்கலே இல்ல."

"எடுத்தா மூடி வச்சுட்டுப் போயிருவாங்க. வணக்கம் சொல்லாம வாசல் தாண்டி வர்றவன் சொல்ற கோழி மருந்த யார் வாங்குவா?"

"போன்ல வர்ற குரல் பதில் சொல்லாதுன்னு அவங்களுக்குத் தெரியாதா அண்ணே?"

"ரேடியோ பதில் சொல்லாதுன்னு தெரியும். இது அவங்க பேர் என்ன, ஊர் என்னன்னு கேக்குது. பேசுங்க, பதிஞ்சு அனுப்புங்கங்குது. அப்போ அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னுதானே அர்த்தம்?"

எசினாம் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தாள். தனித்தனியாக நான் யாருக்கும் பதில் அனுப்பக்கூடாது என்பது விதி. எல்லாருக்கும் ஒரே பாடம்தான். கடைசியில் அவளே வழி சொன்னாள்.

"சரி, அவங்க என்னென்ன கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பதிலையும் சேர்த்துப் பதிஞ்சிடுங்க. எல்லாருக்கும் அதே. வியாழனுக்குள்ள வேணும்."

மறுநாள் பதிவு அறையில் உட்கார்ந்தேன். சனாத்துவின் குரலைக் காதில் ஓடவிட்டு, அவள் கேட்டு நிறுத்துகிற இடங்களில் பதில் சொன்னேன். தூக்கம் எப்படி? நல்லாத் தூங்கினேன். வீடு எப்படி? எல்லாரும் சுகம். எல்லாரும் என்று சொல்லும்போது டெஷி அறையில் இருந்த என் மேசை விசிறியும் ஒற்றைத் தட்டும் நினைவுக்கு வந்தன. ஆனால் வணக்கத்தில் வேறு பதில் கிடையாது. யார் எந்த நிலையில் இருந்தாலும் சுகம்தான். வேலை எப்படி என்ற இடத்தில் இரண்டு தடவை இருமினேன். பிறகு, "நல்லாப் போகுது" என்றேன்.

"இன்னொரு தடவ எடுப்போமா?" என்றான் ஒகாய் கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து.

அறையில் எங்களுக்கு விட்ட நேரம் முடிந்திருந்தது. அப்படியே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் எசினாம் என் மேசைக்கே வந்தாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். சனாத்துவின் பெயர் பச்சையாகியிருந்தது. இரண்டாவது பாடம் முடித்து மூன்றாவதில் இருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நகரத் தொடங்கியிருந்தார்கள்.

"பேர் தப்பிச்சது" என்றாள். "இன்னிக்கு அனுப்பினதக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்த பிறகு சனாத்து சொன்னாள். "ஐயா, குஞ்சுப் பெட்டி எவ்வளவு ஒசரம், கரி அடுப்ப எங்க வைக்கணும்னு சொன்னீங்க. காதால கேட்டு மனசுல நிக்கல. ஒரு படம் இருந்தா காட்டுங்களேன்."

எசினாமிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"படம் இருக்கே. கண்வழில இருக்கு. காதுதான் வேணும்னு அவங்கதானே சொன்னாங்க?"

"அந்தக் கேள்வியக் கேட்டது யார் குரல்?"

"உங்க குரல்தான்."

"ஒருத்தன் எதிர்ல நின்னு பேசிட்டிருக்கான். 'உங்களுக்கு நான் பேசினாப் பிடிக்குமா, படம் பிடிக்குமா'ன்னு கேக்குறான். அவன் மூஞ்சிக்கு நேரா படம் பிடிக்கும்னு எங்க ஊர்ல எவனும் சொல்ல மாட்டான். நீங்க பேசுங்கன்னுதான் சொல்லுவான்."

எசினாம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த மூன்று பாதைகளைப் பற்றி அவள் ஒரு மாநாட்டில் பேசிக் கைதட்டு வாங்கியவள். "எல்லாம் மரியாதைக்குச் சொன்ன பதிலா?" என்றாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே படங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டாள்.

சனாத்து தினமும் ஒரு பாடமாகப் போனாள். பெட்டி செய்துவிட்டாள். குஞ்சுகள் சாவது குறைந்தது. அவள் குரல்களைக் கேட்டுச் சொல்வது இப்போது என் வேலையில் சேர்ந்துவிட்டது. காலையில் முதல் வேலையாக அதைத்தான் செய்வேன்.

"இன்னிக்கும் இருமுறீங்களே" என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள், "இருமல் இன்னும் விடலையா? அந்த அக்ரா கடல் காத்து ஆகாது. இஞ்சியத் தட்டிப் போட்டுக் குடிங்க." அதற்கடுத்த வாரம் கொஞ்சம் கோபமாக, "சொன்னாக் கேக்க மாட்டீங்களா? வீட்ல எல்லாரும் சுகம்னு சொல்றீங்க, ஒருத்தர்கூட இஞ்சி தட்டித் தர மாட்டாங்களா?"

எனக்கு இருமல் இல்லை. அன்றைக்குப் பதிந்த அதே வணக்கம்தான் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் டெஷி சந்தையில் இஞ்சி வாங்கினேன். ஒற்றை அடுப்பில் கொதிக்கவைத்துக் குடித்தேன். தொண்டையில் எரிந்தது.

கடைசிப் பாடம் முடித்த அன்று அவள் நன்றி சொன்னாள். கோழிகளின் எண்ணிக்கை, மழையின் நிலை எல்லாம் சொன்னாள். "இனிமே இதுல வர வேண்டாமாம். பொத்தான் காட்டல. ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் பெயருக்கு நேரே புதிதாக எதுவும் வரவில்லை. சில நாள் திறந்து பார்த்தேன், வழக்கம் விடாமல்.

அடுத்த கூட்டம் சேருவதற்கு முன் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்ய ஒகாய் உட்கார்ந்தான். என் வணக்கத்தை ஓடவிட்டு, இருமல் வருகிற இடத்தில் நிறுத்தினான்.

"இந்த ரெண்டையும் வெட்டிரலாம். ஒரு நொடி வேல."

"வேண்டாம்" என்றேன்.

"அசிங்கமா இருக்கேப்பா."

"இருக்கட்டும் ஒகாய். யாராவது விசாரிப்பாங்க."