அம்மாவின் வெயில்கால சென்ட்

சோப்புத் தொழிற்சாலையில் அவளுக்கு ‘மூக்கு’ என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் மூக்கு. அவளுக்கும் தெரியும். பிழைப்பே மூக்கை நுழைப்பதுதான் என்றான பிறகு கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? எந்த சோப்புக்கு எந்த வாசனை, எதோடு எதைக் கலப்பது என்று முடிவு செய்கிற லேப் அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். தலைக்குத் தேய்த்த எண்ணெய், முகத்தில் பூசிய கிரீம், வாயில் அடக்கிய மிட்டாய், எதன் வாசனையும் அந்தக் கதவைத் தாண்டி வரக் கூடாது. தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவர்களுக்கோ மன்னிப்பே கிடையாது. தைலம் துளி இருந்தால் போதும், அன்றைக்கு முழுக்க வேறொன்றும் மூக்குக்குப் பிடிபடாது. ஒருமுறை மேனேஜரே சளிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தபோது, “முகம் கழுவிட்டு வாங்க சார், இல்லேன்னா வெளியவே நின்னு பேசுங்க” என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். மேனேஜர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பேர்ப்பட்டவளை ஒரே ஒரு வாசனை வருஷக்கணக்கில் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. அது அவளுடைய அம்மா போட்டுக்கொண்ட சென்ட்.

பெரிய விலையுயர்ந்த சமாச்சாரம் இல்லை. வெயில் காலத்துக்கென்று கடைகளில் வரும் லேசான சென்ட். உரித்த எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுப் பூ, அடியில் அப்போதுதான் வெட்டிய புல்லின் பச்சை வாசனை. தயாரித்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். அம்மா இறந்தபோது அலமாரியில் இருந்த கடைசிப் பாட்டிலில் ஒரு சொட்டு இல்லை. மூடியைத் திறந்து முகர்ந்தால் வெறும் கண்ணாடிதான் இருந்தது. அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள், இதை நானே செய்வேன் என்று. அம்மாவின் முகம் போட்டோவில் இருக்கிறது. குரலும் யாரோ பிடித்த வீடியோவில் கொஞ்சம் இருக்கிறது. வாசனையை வைத்துக்கொள்ள அவள் ஒருத்தியால்தான் முடியும். இத்தனை வருஷம் படித்துக் கிழித்த மூக்கு இதற்குக்கூட உதவாவிட்டால் அது எதற்கு?

அந்த வாசனையோடு வந்ததெல்லாம் நல்ல ஞாபகங்கள். வெயில் காலம் தொடங்கியதும் அப்பா ஒரு பாட்டில் வாங்கி வருவார். அப்பா கப்பல் கம்பெனி ஆபீஸில் கணக்கர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். அம்மாவுக்கு அவர் வேறு எதையும் தானாக வாங்கி வந்து அவள் பார்த்ததில்லை. செருப்பு அறுந்தால்கூட அம்மாதான் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த பாட்டில் மட்டும் தவறாது. மாமாக்களும் அத்தைகளும் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். “ஊமை மாதிரி இருக்காரு, பெண்டாட்டிக்கு சென்ட்டு வாங்கித் தர்ற ஆளைப் பாரு” என்பார்கள்.

சாயங்காலம் அப்பா வரும் நேரத்துக்கு அம்மா முகம் கழுவி, ஜன்னல் பக்கம் நின்று கழுத்தில் போட்டுக்கொள்வாள். அப்பா வந்து செய்தித்தாளோடு அம்மாவுக்குப் பக்கத்தில், சோபாவில் உட்கார்வார். குளிர் காலத்தில் அவர் இடம் மூலையில் இருந்த தனி நாற்காலிதான். வெயில் காலத்தில் மட்டும் சோபா. சில சமயம் பேப்பரை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். சின்னப் பெண்ணாக இருந்த அவள் ஓடிப்போய் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்துகொள்வாள். அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா” என்று அடம் பிடிப்பாள். அம்மா எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வருவாள்.

இந்த வாசனையைத்தான் அவள் லேபில் எல்லோரும் போன பிறகு கலந்து கலந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதப் பட்டையில் தொட்டு முகர்வது, தூக்கிப் போடுவது, மறுபடி தொடங்குவது. கடைசியில் ஒருநாள் எல்லாம் சரியாக வந்தது. எலுமிச்சை சரி, பூ சரி, புல் சரி. ஆனால் அம்மா வரவில்லை. ஏதோ குறைந்தது. அம்மா பூசிய பவுடரைச் சேர்த்துப் பார்த்தாள், துணி துவைத்த சோப்பைச் சேர்த்துப் பார்த்தாள், இஸ்திரி போட்ட துணியின் சூட்டு வாசனையைக்கூட விடவில்லை. எதுவும் ஒட்டவில்லை.

இதற்குள் மேனேஜர் மோப்பம் பிடித்துவிட்டார். “இவ்வளவு நல்லதை ஒளிச்சு வெச்சிருக்கீங்களே மேடம்! இந்த வருஷ சம்மர் சோப்பு இதுதான்” என்று மேலிடத்தில் சொல்லி ஒப்புதலும் வாங்கிவிட்டார். அவள் சரி என்றால் மெஷின் ஓடத் தொடங்கும். அவளோ இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாமல் அம்மாவின் வாசனையை ஊருக்கெல்லாம் விற்க அவளுக்கு மனசு வரவில்லை.

அப்போதுதான் அப்பா போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை வாம்மா. ஒருத்தங்க வர்றாங்க. பழைய ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தவங்க. அவங்க வீட்டுக்காரரும் இப்ப இல்ல. நாங்க ரெண்டு பேரும் பேசி... ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீ என்ன சொல்ற?”

அப்பா தொடர்ந்து இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. அதிலேயே பாதி மனசு இளகிவிட்டது. “நல்லதுதானேப்பா. தனியா எவ்வளவு நாள் இருப்பீங்க?” என்றாள். போனை வைத்த பிறகுதான் கொஞ்சம் அழுதாள். அம்மாவுக்காக அழுதாளா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போகும்போது தான் கலந்த சென்ட்டை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டாள். அந்த வாசனை தெரிந்த இன்னொரு மூக்கு உலகத்தில் அப்பாவுடையதுதான். என்ன குறைகிறது என்று அவரைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். காகிதப் பட்டையில் தொட்டு நீட்டினாள். அப்பா முகர்ந்தார். முகர்ந்துகொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது.

“அப்படியே இருக்கும்மா.”

“இல்லப்பா. ஏதோ குறையுது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணும் குறையல. அச்சு அசல் அதேதான்.”

“அம்மா பக்கத்துல உக்காந்தா இப்படியா இருந்துச்சு?”

அப்பா பதில் சொல்வதற்குள் காலிங் பெல் அடித்தது. தப்பித்தேன் பிழைத்தேன் என்று எழுந்து போனார்.

அவர் கதவைத் திறந்ததும், ஆள் உள்ளே வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுப் பூ, வெட்டிய புல். எலுமிச்சை கொஞ்சம் மங்கியிருந்தது, பழைய சரக்கு. மற்றபடி அவள் கையில் இருந்த குப்பிக்கும் அதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. கையிலிருந்த குப்பியின் மூடி திறந்துவிட்டதோ என்று ஒரு கணம் பார்த்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது.

வந்தவர் ஒல்லியான, கலகலப்பான அம்மாள். சூதுவாது தெரியாத முகம். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “சித்தி கித்தின்னெல்லாம் கூப்பிட வேணாம்மா, எனக்கே சிரிப்பு வந்துடும்” என்றார்.

“இந்த சென்ட்...” என்று தொடங்கினாள் அவள்.

“அட, கண்டுபிடிச்சிட்டியா! நீ இந்த வேலைதானே பாக்குற. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இதைத்தான் போடறேன். கம்பெனியை மூடப்போறாங்கன்னு காதுல விழுந்ததும் ஒரு பெட்டி வாங்கி ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளிட்டேன். என் வீட்டுக்காரர்கூட, இது ஃப்ரிட்ஜா மேக்கப் பெட்டியான்னு திட்டுவாரு.” சிரித்தார். “உங்கப்பா இதோட பேரை எங்கிட்ட கேட்டிருக்காரு, தெரியுமா? கல்யாணம் ஆகி நான் வேலையை விடறப்போ. கடைசி நாள் வந்து நிக்கிறாரு, வார்த்தையே வரல. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். கடைசில பாத்தா சென்ட்டு பேரு! வீட்டுல வாங்கிக் குடுக்கணுமாம்.”

அப்பா தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கம்மாவை ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன்மா. எனக்கு ஆபீஸ்ல விருந்து வெச்சு அனுப்பினாங்கல்ல, அப்ப குடும்பத்தோட வரச் சொல்லியிருந்தாங்க. எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. ரொம்ப அமைதி. கிளம்பறப்போ எங்கையைப் பிடிச்சு, ‘நல்ல வாசனை’ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் பேசினாங்க. பாவம், போய்ச் சேந்துட்டாங்க.”

 முதல் பாட்டில் வந்த சாயங்காலம் கண் முன்னால் நின்றது. அப்பா மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கைகால் கழுவப் போனார். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள். அப்படியே நின்றாள். அவள்தான் அம்மாவின் உடையைப் பிடித்து இழுத்து, “போட்டுக்கோம்மா, போட்டுக்கோம்மா” என்று குதித்தாள். அம்மா கடைசியில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். முதல் நாளே தெரியும்.

“முகம் கழுவிட்டு வரேன்” என்று எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள்.  இத்தனை வருஷம் அம்மா, அம்மா என்று உருகி உருகித் தேடியது வெளியே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள்மீது கோபப்படக்கூட வழியில்லை. அப்பாவை என்னவென்று சொல்வது? அவர் யாரோடும் ஓடிப்போகவில்லை, கைகூடத் தொட்டிருக்க மாட்டார். வெயில் காலம் முழுக்கப் பெண்டாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான்.

கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில் அப்பாவின் ஷேவிங் சாமான்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு சின்னப் பச்சை டப்பா. அம்மாவின் தலைவலித் தைலம். அப்பாவுக்கு எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் கிடையாது. அம்மாவுக்கு வெயில் காலம் வந்தால் தலைவலி வந்துவிடும். ‘வெயில் ஒத்துக்கல’ என்பாள். நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். குளிர் காலத்தில் அவளுக்குத் தலைவலி வந்ததாக ஞாபகமே இல்லை.

குளிர் காலத்தில் சென்ட் கிடையாது.

டப்பா துருப்பிடித்திருந்தது. கட்டைவிரலால் நெம்பித் திறந்தாள். அடியில் காய்ந்துபோய்க் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கற்பூரமும் புதினாவும் மூக்கில் ஏறின. குப்பியைத் திறந்து, சென்ட்டைப் புறங்கையில் விட்டு, தைலத்தை அதன் பக்கத்தில் தேய்த்தாள். முகத்தருகே கொண்டுபோனாள்.

அம்மா வந்தாள். சோபாவில் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து முகம் புதைத்த அந்தக் கழுத்து, கன்னம், எல்லாம் அப்படியே வந்தது. லேபில் எத்தனை பேரைத் தைலம் என்று விரட்டியிருக்கிறாள்! அதே பழக்கத்தில் அம்மாவிடமிருந்தும் அதை அழுக்கைப் போலத் துடைத்துப் போட்டுவிட்டுத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறாள். அம்மாவுடையது என்று அந்த வாசனையில் இருந்தது அது ஒன்றுதான். ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா’ என்று கேட்ட வாயை நினைத்து, அவள் குழாய்ச் சத்தத்தில் அழுதாள்.

அந்த அம்மாள் விடைபெற்றுக் கிளம்பிப் போன பிறகு, அப்பா கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவுக்கு அந்த சென்ட்டு ஒத்துக்கலப்பா. தலைவலி அதனாலதான்.”

“அப்படியா? உங்கம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்குமே.”

“பிடிக்கும்னு அம்மா சொன்னாங்களா? என்னைக்காவது?”

அப்பா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் கொடுமை.

“சொல்லலதான்” என்றார். “வேணாம்னும் சொல்லலையேம்மா.”

அவள் தைல டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் லேபுக்கு வந்துவிட்டார். மேலிடத்தில் அவருக்கு நெருக்கடி போலிருக்கிறது.

“மேடம், என்னமோ குறையுதுன்னு சொன்னீங்களே, கண்டுபிடிச்சீங்களா?”

“கண்டுபிடிச்சேன்.”

“அப்பாடா! சேத்துடலாமா அப்ப?”

“வேணாம் சார். அதைச் சேத்தா யாரும் வாங்க மாட்டாங்க. இப்படியே போடுங்க, நல்லா விக்கும்.”

மேனேஜர் முகம் மலர்ந்தது. கதவு வரை போனவர் நின்று மூக்கை உறிஞ்சினார். இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

“என்ன மேடம் இது, உங்க லேபுக்குள்ளயே யாரோ தைலம் தேய்ச்சுட்டு வந்திருக்காங்க!”

“நான்தான் சார்.”

“அடடா, தலைவலியா?”

“எனக்கில்ல” என்றாள் அவள்.